மினிடிவி கேசட்டைக் கெடுக்காமல் கணினியில் இறக்கித் தொகுப்பது எப்படி? உப்புக்காற்றுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் குளச்சலிலோ குலசேகரத்திலோ, ஏதாவது ஒரு வீட்டு பீரோவின் அடித்தட்டைத் திறந்தால் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினிடிவி கேசட்டுகள் ஒரு பை நிறையக் கிடக்கும் (இங்கே 'டிவி' என்றால் டிஜிட்டல் வீடியோ, தொலைக்காட்சி அல்ல). அக்காவின் கல்யாணம், மண்டைக்காட்டு மாசிக்கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் தேர் என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. யாரிடமாவது பழைய கேமரா ஒன்று கிடைத்ததும் புதியவர்கள் செய்கிற முதல் காரியம், கேசட்டை உள்ளே தள்ளி பிளே அழுத்துவது. எத்தனையோ கேசட்டுகள் அந்த ஒரு அழுத்தலில் கசங்கிப் போகின்றன.

வரிசை முக்கியம். முதலில் கேசட்டைச் சோதிக்க வேண்டும், பிறகு கேமராவை, பிறகு கேபிளையும் கணினியையும். நல்ல கேசட் கேமராவுக்குள் போவது அதற்கெல்லாம் பின்னால்தான். தொகுப்பு வேலை அதற்கும் அப்புறம்.

தேவையானவை: மினிடிவி கேமரா, அதன் மின் அடாப்டர், கேமராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் கேபிள், ஃபயர்வயர் கார்டு உள்ள கணினி, உலர் வகை ஹெட் கிளீனர் கேசட் ஒன்று, போனாலும் கவலையில்லாத பழைய கேசட் ஒன்று, புது வெற்றுக் கேசட் ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள்.

## 1. கேசட்டை வெளியிலேயே வைத்துப் பாருங்கள்

டார்ச் ஒன்றை எடுத்து, கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக டேப் சுற்றின் பக்கவாட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல டேப் கறுப்பாக, வழவழப்பாக, இசைத்தட்டுபோல மின்னும். வெள்ளைப் பொடியாகவோ, சிலந்தி நூல்போலவோ, வட்டத் திட்டாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எந்தக் கேமராவிலும் போடாதீர்கள். பூஞ்சைத்துகள், டேப்பைப் படிக்கும் சுழலும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும்.

பூத்த கேசட்டைத் தனி ஜிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு ஒதுக்கி வையுங்கள். இப்படிப்பட்டவற்றைச் சுத்தம் செய்து தரும் ஆட்களிடம் கொடுப்பதே நல்லது. கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றுவது சாத்தியம்தான். ஆனால் முதல் கேசட்டிலேயே அதைக் கற்றுக்கொள்ள முயல வேண்டாம். டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர்தான். விரல் ரேகை பட்ட இடமெல்லாம் படத்தில் தழும்பாகத் தெரியும்.

அடுத்து கேசட்டின் முதுகில் உள்ள சிறு நகர்த்தியைப் பாருங்கள். அது 'சேவ்' பக்கம் இருக்கட்டும். 'ரெக்' பக்கம் இருந்து, தவறி ஒரு பொத்தான் அழுந்தினால் தாலி கட்டும் காட்சிமேல் உங்கள் வீட்டு மேசை பதிவாகிவிடும். இதை நகர்த்த ஒரு வினாடி போதும். ஆனால் பத்துப் பேரில் பாதிப் பேர் பார்ப்பதில்லை.

கடைசியாக, கேசட்டில் எழுதியிருப்பதையும் எழுதாததையும் கணக்கில் எடுங்கள். எஸ்பி எனும் சாதாரண வேகத்தில் 60 நிமிடக் கேசட் 60 நிமிடம் ஓடும். எல்பி எனும் மெதுவான வேகத்தில் 90 நிமிடம். காசை மிச்சம் பிடிக்க எல்பியில் எடுத்தவர்கள் அதிகம். சோனியின் டிவிகேம் முறையில் எடுத்திருந்தால் அதே கேசட் 40 நிமிடம்தான் வரும். பிடி170 போன்ற கேமரா வைத்திருந்த கல்யாண ஸ்டுடியோக்களின் கேசட்டுகளில் இதை எதிர்பார்க்கலாம். எந்தக் கேமராவில் ஓட்டுவது என்பதை இந்த விவரம்தான் முடிவு செய்யும்.

## 2. ஈரத்தை வெளியேற்றுங்கள்

நம் மாவட்டத்தில் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டக் கூடாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. கடற்கரை ஊர்களில் காற்றோடு உப்பும் வருகிறது. மினிடிவி டேப்பின் மேல்பூச்சு, ஆவியாக்கிப் படிய வைத்த மிக மெல்லிய உலோகம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் அது அரிக்கும்.

கேசட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூன்று நான்கு நாள் வையுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் அது ஈரத்தைக் குடித்து முடித்தது தெரியும். கேசட்டை அதன் சொந்த பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து எடுத்துத்தான் வைக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் அங்கேயே தங்கும்.

வீட்டு வைத்தியங்கள் மூன்றை ஒதுக்குங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். இது அப்பளம் அல்ல, சூட்டில் டேப் நெளியும். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள். அரிசித் தவிட்டுத் தூசு டேப்பின் ஓரத்தில் ஒட்டும், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. பீரோவில் அந்துருண்டையோடு வைக்காதீர்கள். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கும்.

கேமராவுக்கும் இதே கவனம் வேண்டும். ஏசி அறையில் குளிர்ந்த கேமராவை மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் காற்றில் திறந்தால் ஹெட் டிரம்மின் மேல் பனித்துளிபோல ஈரம் படியும். ஈரமான டிரம்மில் டேப் ஒட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றுகிற டிரம் அது. ஒட்டினால் டேப் கிழியும். சோனி கேமராக்களில் திரையில் 'சி:21' என்று வந்தால் அது இந்த ஈர எச்சரிக்கை. கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்தே வைத்து, ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். ஹேர் டிரையர் அடிக்க வேண்டாம். கேமராவை இடம் மாற்றும்போது பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போய், அங்குள்ள வெப்பத்துக்குப் பழகியபின் பையைத் திறந்தால் ஈரம் பையின் மேல் படியும், கேமராவில் படியாது.

## 3. எந்தக் கேமரா?

எஸ்பியில் எடுத்த டேப்பைப் பெரும்பாலும் எந்த நல்ல மினிடிவி கேமராவும் ஓட்டும். எல்பி அப்படியல்ல. எஸ்பியில் ஒரு பதிவுத்தடம் 10 மைக்ரான் அகலம்; எல்பியில் 6.7 மைக்ரான். அவ்வளவு ஒடுங்கிய தடத்தை, பதிவு செய்த கேமராவைத் தவிர வேறொன்று சரியாகப் பிடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எல்பி கேசட் என்றால், எடுத்த கேமரா இன்னும் அந்த வீட்டில் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஓடாத கேமராவாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். பழுது பார்க்க வாய்ப்பு உண்டு.

டிவிகேம் டேப்பைச் சோனியின் வீட்டுக் கேமராக்கள் பலவும் ஓட்டும். மற்ற நிறுவனக் கேமராக்களை இதற்கு நம்ப வேண்டாம். எச்டிவி (அதே கேசட்டில் கூடுதல் துல்லியமான படத்தைப் பதியும்) முறையில் எடுத்திருந்தால் எச்டிவி கேமராவேதான் வேண்டும். கேசட் பார்க்க அச்சாக ஒன்றுபோல் இருப்பதால், சாதாரணக் கேமராவில் போட்டு நீலத்திரையைப் பார்த்து 'கேசட் அழிந்துவிட்டது' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பது எச்டிவியாக இருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் எடுத்து அனுப்பிய கேசட் என்றால் அது நம்முடைய 'பால்' (PAL) எனும் தொலைக்காட்சி முறையில் இருக்காது. 'என்டிஎஸ்சி' முறையில் இருக்கும். அதற்கு அந்த முறைக் கேமரா தேவை. வளைகுடாவில் வாங்கிய கேமராவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, அங்கேயும் பால்தான்.

பழைய கேமரா வாங்கும்போது கேசட் கதவு தானாக, தயங்காமல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். சோனியில் 'சி:31', 'சி:32' என்று வந்தால் இயந்திரப் பகுதியில் கோளாறு. விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். லென்ஸில் கீறல் இருந்தால் நமக்குக் கவலையில்லை. நாம் ஓட்டத்தான் போகிறோம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

## 4. கேபிளும் கார்டும்

கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கும், 'டிவி' அல்லது 'ஐலிங்க்' என்று எழுதிய சின்ன 4 முனைத் துளையும் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது, அதுதான் ஃபயர்வயர். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பி, மெமரி கார்டுப் படங்களை எடுக்கவும் மங்கலான வெப்கேம் படத்துக்கும்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளில் எடுத்தாலும் படம் வரும். ஆனால் டேப்பில் இருக்கும் எண்களை அனலாக் ஆக்கி, மறுபடி எண்களாக்கும் வேலை அது. கூர்மையும் போகும், பதிவான தேதி நேரமும் போகும். ஃபயர்வயரில் வருவது டேப்பில் உள்ள தகவலின் நேர் நகல்.

ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று இணையக் கடைகளில் மலிவாக விற்கும் கேபிளை வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மொழி பேசுபவை. வெறும் கம்பி மொழிபெயர்க்காது. இந்தக் கேபிளில்தான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள்.

மேசைக் கணினி என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் செருகும் ஃபயர்வயர் கார்டு போதும். விண்டோஸ் 10இல் கார்டு தெரிந்தும் கேமரா தெரியவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் 'லெகசி' ஃபயர்வயர் டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவினால் மட்டும் போதாது, தேர்ந்தெடுக்கவும் வேண்டும். பலர் நிற்கும் இடம் இது. லினக்ஸில் கேமரா பெரும்பாலும் தானாகவே தெரியும். மேக்கில் பழைய ஃபயர்வயர் துளை உள்ள இயந்திரம் கிடைத்தால் நல்லது. புதிய மேக் என்றால் தண்டர்போல்ட் 3இலிருந்து 2க்கு ஒன்று, 2இலிருந்து ஃபயர்வயருக்கு ஒன்று என்று இரண்டு அடாப்டர்களைச் சங்கிலியாகப் போட வேண்டும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது. அதற்கு மேம்படுத்துமுன் வேலையை முடியுங்கள்.

கேபிளைச் செருகும்போது கேமராவும் கணினியும் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். கணினிப் பக்கத்து 6 முனைத் துளையில் மின்சாரமும் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதோ, தலைகீழாக அழுத்தியோ செருகினால் கேமராவின் ஐலிங்க் சிப் கருகலாம். கேமரா மற்றபடி ஓடும், இந்தத் துளை மட்டும் செத்துவிடும். நமக்குத் தேவையான ஒரே துளை அது.

## 5. உயிர்ப்பலிக்கு ஒரு கேசட்

முதலில், போனாலும் கவலையில்லாத கேசட் ஒன்றைப் போடுங்கள். அது வேறு கேமராவில் எடுத்ததாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்து, முன்மூடியைத் தூக்கி டேப்பின் ஓரம் கசங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கசங்கியிருந்தால் அந்தக் கேமரா நல்ல கேசட்டைத் தொடக் கூடாது.

பிறகு வெற்றுக் கேசட்டில் பத்து நிமிடம் நீங்களே பதிவு செய்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு சோதனையும் ஏன் என்றால், டேப்பை வழிநடத்தும் உருளைகள் இடம் பெயர்ந்த கேமரா, தான் எழுதியதைத் தானே அழகாகப் படிக்கும். பிறர் எழுதியதில்தான் திணறும். சொந்தப் பதிவு நன்றாக வந்து, வேறு கேமராவின் டேப் மட்டும் உடைந்தால் சீர்மையில் கோளாறு. இரண்டுமே உடைந்தால் ஹெட் அழுக்கு.

இன்னும் டேப்பிலேயே படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தச் சோதனைப் பதிவிலேயே பழக்கத்தைச் சரி செய்துகொள்ளலாம். எஸ்பி வேகமும் 16 பிட் ஒலியும் வைக்கவும். 12 பிட்டில் ஒலி 32 கிலோஹெர்ட்ஸ்தான், 16 பிட்டில் 48. நடுவில் மாற்றினால் கேப்சரில், அதாவது கணினியில் இறக்கும்போது, ஒலி பிசகும். டேப்பின் முதல் 30 வினாடியை லென்ஸ் மூடியோடு ஓட விடுங்கள். அடிக்கடி இழுபடும் இடம் அது. ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்து வினாடி முன்னும் பின்னும் கூடுதலாக எடுங்கள்.

எடுத்ததைப் பின்னால் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி பதிவைத் தொடங்குவதுதான் பெரிய தவறு. வெற்று டேப் குறுக்கே வந்தால் டைம்கோடு, அதாவது படத்தோடு பதிவாகும் நேர எண், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரே டேப்பில் ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால் கேப்சர் மென்பொருள் குழம்பும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் 'எண்ட் சர்ச்' பொத்தானை அழுத்தி, பதிவு முடிந்த இடத்துக்கு வந்து தொடருங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் எடுத்தால் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். அந்தக் கணவாய்க் காற்றின் உறுமலை எந்த மென்பொருளும் முழுதாக நீக்காது.

## 6. கணினியைத் தயார் செய்யுங்கள்

பால் முறை டிவி வினாடிக்கு 3.6 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. 40 கேசட் இருந்தால் 520 ஜிபி. தொகுக்க இடமும் சேர்த்து 1 டிபி டிஸ்க் இரண்டு வையுங்கள்.

டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்க வேண்டும். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. 20 நிமிடத்துக்குள் கேப்சர் நின்றுவிடும். கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் சாயா குடித்துவிட்டு வரும்வரை ஒன்றும் தெரியாது.

தூங்கும் அமைப்பு, திரைக்காப்பு, வைரஸ் சோதனை, விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டேப் யாருக்காகவும் காத்திருக்காது. கணினி ஒரு வினாடி திணறினால் 25 ஃபிரேம் போச்சு. கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் மழைக்காலமானால் யுபிஎஸ்ஸில் கணினி, கேமரா இரண்டையும் மாட்டுங்கள்.

## 7. கேப்சர்

இப்போதுதான் நல்ல கேசட் உள்ளே போகிறது. பல வருடம் அசையாமல் கிடந்த டேப் என்றால், ஓட்டுமுன் ஒருமுறை கடைசிவரை முன்னே சுற்றி, முழுதும் பின்னே சுற்றுங்கள். தளர்ந்தும் இறுகியும் கிடக்கும் சுற்றுகள் சீராகும், ஓட்டம் நிதானமாகும்.

கேமராவை 'விசிஆர்' அல்லது 'பிளே' நிலையில் வையுங்கள். 'கேமரா' நிலையில் வைத்துவிட்டு, லென்ஸ் முன்னால் இருக்கும் சுவர் ஏன் திரையில் வருகிறது என்று கேட்பவர்கள் தினமும் உண்டு.

விண்டோஸில் விண்டிவி எனும் சின்ன இலவச மென்பொருள் போதும். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கோப்பு வகை 'டைப் 2' வையுங்கள். ஒலி தனித் தடமாக இருப்பதால் தொகுப்பு மென்பொருள்கள் தகராறில்லாமல் திறக்கும். ஒரு கோப்பின் உச்ச அளவு ஃபிரேம் கணக்கில் கேட்கும். ஒரு மணி நேரம் 90,000 ஃபிரேம், ஆகவே 1,50,000 கொடுத்தால் எல்பி கேசட்டும் அடங்கும். மூன்றாவது, 'டிஸ்கன்டினியூட்டி' எனும் எண்: பதிவான நேரத்தில் இத்தனை வினாடிக்கு மேல் இடைவெளி வந்தால் புதுக் கோப்பு தொடங்கு என்பது அதன் பொருள். ஒவ்வொரு ஷாட்டும் தனிக் கோப்பாக வேண்டுமென்றால் 1 வையுங்கள். முழுக் கேசட்டும் ஒரே கோப்பாக வேண்டுமென்றால் 0. காப்பகத்துக்கு ஒரே கோப்பாக எடுப்பதே நல்லது. வெட்டுவது எப்போது வேண்டுமானாலும் முடியும்.

லினக்ஸில் டிவிகிராப் உண்டு. சேதமான டேப்புகளுக்கு டிவிரெஸ்க்யூ இன்னும் சிறந்தது. அது ஒவ்வொரு ஃபிரேமிலும் பிழை எவ்வளவு என்று குறித்து வைக்கும்.

டேப்பை முழுதாகப் பின்னே சுற்றிவிட்டு, முதலில் கேப்சரைத் தொடங்குங்கள், பிறகு பிளே அழுத்துங்கள். மாற்றிச் செய்தால் முதல் சில வினாடி போகும். கல்யாணக் கேசட்டின் முதல் வினாடிகளில்தான் பெரும்பாலும் பந்தல் வாசல் இருக்கும்.

ஓடும்போது அங்கேயே இருங்கள். 'டிராப்டு' (விடுபட்ட ஃபிரேம்) எண் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். கேமராவின் ஹெட்ஃபோன் துளையில் காது வைத்து ஒலியையும் கேளுங்கள். 'கீச்' என்ற இயந்திரச் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். நடுவில் நீலத்திரை வந்தால் நிறுத்த வேண்டாம். டேப்பின் இறுதிவரை ஓட விடுங்கள். பாதி கேசட் வெறுமையாக இருந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் மறுவீட்டு விருந்து இருக்கக் கூடும்.

எச்டிவி டேப் என்றால் கேமரா மெனுவில் 'ஐலிங்க் கன்வர்ஷன்' அணைந்திருக்க வேண்டும். இல்லையெனில் 1440×1080 படத்தைக் கேமராவே 720×576 ஆகச் சுருக்கி அனுப்பிவிடும். கணினி எந்தப் புகாரும் சொல்லாது. இந்த அமைப்புகளைக் கேபிள் செருகுமுன் மாற்றுங்கள். கேபிள் இருக்கும்போது சில கேமராக்கள் மாற்ற விடாது.

## 8. படம் உடைந்தால்

எல்லா உடைசலும் ஒரே நோய் அல்ல.

படம் முழுதும் கிடைமட்டப் பட்டைகளாக, ஒரு பட்டை நகர, அடுத்த பட்டை உறைந்து நின்றால் இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்திருக்கிறது. சோனியில் 'சி:22' வந்தாலும் இதே பொருள். உலர் கிளீனர் கேசட்டைப் போட்டு, 10 வினாடி மட்டும் ஓட்டி வெளியே எடுங்கள். கிளீனர் கேசட்டைப் பின்னே சுற்றக் கூடாது. துடைத்த அழுக்கு மறுபடி ஹெட்டுக்கே வரும். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து ஓட்டவும் கூடாது. அது மெல்லிய உப்புத்தாள்போல ஹெட்டைத் தேய்க்கும்.

சிறு சதுரங்கள் அங்கங்கே மின்னி மறைந்தால் அது டேப்பிலுள்ள சேதம். மறுபடி ஓட்டினால் அதே இடத்தில் வருகிறதா பாருங்கள். அதே இடம் என்றால் டேப். இடம் மாறினால் ஹெட் அல்லது தூசு. இடம் மாறும் வகைக்கு ஒரு நல்ல வழி உண்டு: இரண்டு மூன்று முறை கேப்சர் செய்து, டிவிரெஸ்க்யூவில் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் பிழையில்லாத ஃபிரேம்களை எடுத்து ஒரே கோப்பாக இணைத்துத் தரும்.

கேமராத் திரையில் படம் சீராக ஓடி, கணினிக் கோப்பில் மட்டும் துள்ளினால் கேசட் குற்றமற்றது. டிஸ்க், கேபிள், பின்னணியில் ஓடும் மென்பொருள் ஆகியவற்றில் தேடுங்கள். இதைப் பிரித்தறியாமல் ஹெட் கிளீனரைத் தேய்ப்பவர்கள் கேமராவின் ஆயுளைத்தான் குறைக்கிறார்கள்.

## 9. சரிபார்த்து, பெயரிட்டு, நகலெடுங்கள்

கோப்பின் நீளமும் டேப் ஓடிய நேரமும் ஒத்துப் போகிறதா பாருங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ஒரு நிமிடம் ஓட்டி, உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள்.

விண்டிவி, பதிவான தேதியையும் நேரத்தையும் கோப்புப் பெயரில் சேர்த்துவிடும். மிகவும் பயனுள்ளது, ஆனால் கேமராக் கடிகாரத்தையே அமைக்காமல் எடுத்தவர்கள் நிறைய. எல்லாக் கேசட்டும் ஏதோ ஒரு ஜனவரி 1 என்று காட்டினால் அழைப்பிதழைத் தேடுங்கள். கேப்சர் செய்யும்போது கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் தடுமாறும். தமிழ் விவரங்களைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள்.

இரண்டாவது டிஸ்கில் நகலெடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். இந்தக் கோப்பை எந்த மென்பொருளிலும் 'சேவ்' செய்ய வேண்டாம். இதுதான் உங்கள் மூலம்.

## 10. தொகுப்பு

கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் இலவசம், இரண்டும் டிவி கோப்பைத் திறக்கும். திட்ட அமைப்பைப் படத்துக்கு ஏற்ப வைப்பதில்தான் புதியவர் தடுக்கி விழுகிறார்: 720×576, வினாடிக்கு 25 ஃபிரேம், கீழ்ப்புலம் முதலில். (ஒன்றுவிட்ட கோடுகளாலான இரண்டு அரைப்படங்கள் சேர்ந்ததே ஒரு ஃபிரேம்; அந்த அரைப்படம்தான் புலம்.) மேல்புலம் முதலில் என்று மாற்றி வைத்தால், தேர் நகரும்போதும் நாதசுரக்காரர் கை அசையும்போதும் படம் முன்னும் பின்னும் நடுங்கும். எச்டிவியில் நேர்மாறு, அங்கே மேல்புலம்தான் முதல்.

4:3 படத்தை இழுத்து அகலத்திரை ஆக்காதீர்கள். மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். இருபுறமும் கறுப்பு விட்டு வைப்பதே மரியாதை.

வெட்டும் வேலையை ஒலியிலிருந்து தொடங்குவது நல்லது. பல கேசட்டுகளில் மைக் ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருக்கும். ஓசையுள்ள தடத்தை மறுபக்கத்துக்கும் நகலெடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி, காற்றின் உறுமலைப் பாதியாவது குறைக்கும். மண்டபத்து 50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரமும் அதோடு அடங்கும். நாதசுரமும் தவிலும் வரும் இடத்தில் இரைச்சல் நீக்கியைக் கூட்டாதீர்கள்; தவிலின் தொப்பிப் பக்கத்து ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோல ஆகிவிடும்.

நிறத்தில் அடிக்கடி வருவது ஹாலஜன் விளக்கின் மஞ்சள். பட்டு வேட்டியின் வெள்ளையை வைத்துச் சமன் செய்யுங்கள். அதற்குமுன் வெளிச்சத்தின் உச்சத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள். டிவி கேமராக்கள் வெண்மையை வரம்புக்கு மேலும் பதிவு செய்யும், அந்த விவரம் கோப்பில் இருந்தும் திரையில் வெளிறிப் போயிருக்கும். படத்தின் இடவலம் ஓரங்களில் எட்டு ஒன்பது பிக்சல் கறுப்பு இருந்தால் அது கோளாறல்ல, கடைசியில் வெட்டிவிடுங்கள்.

இதயம் பறக்கும் டிரான்சிஷனும், தாமரை விரிந்து மணமக்கள் வெளிவரும் கிராஃபிக்ஸும் உங்கள் விருப்பம். பழைய டிவிடியில் அவை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

## 11. வெளியிடும் கோப்பு

புலங்களைப் பிரித்து நேர்ப்படமாக்கும் வேலையை இந்த நகலுக்கு மட்டும் செய்யுங்கள், மூலத்துக்குச் செய்ய வேண்டாம். ஹேண்ட்பிரேக்கில் 'பாப்' முறையைத் தேர்ந்தெடுத்தால் 50 புலமும் 50 ஃபிரேமாக மாறும். அசைவு தொலைக்காட்சியில் பார்த்ததுபோலவே வழுக்கிச் செல்லும். 25 ஃபிரேமாக ஆக்கினால் அசைவின் பாதி போய்விடும். எச்.264, தர எண் 18, ஒலி 192 கிலோபிட் போதும்.

யூடியூபில் ஏற்றுவதானால் 1440×1080 ஆகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். புதிதாக விவரம் எதுவும் வராது, ஆனால் அந்தத் தளம் பெரிய படத்துக்கு அதிக பிட்டுகளை ஒதுக்குவதால் கட்டங்கள் குறையும். வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் இத்தனை நேரம் செய்த வேலையை அது நசுக்கிவிடும்.

## 12. கேசட்டைத் திருப்பி வைத்தல்

இறக்கி முடித்தபின் கேசட்டை வீசாதீர்கள். முழுதாகப் பின்னே சுற்றி, பெட்டியில் போட்டு, புத்தகம்போல நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். படுக்கப் போட்டால் சுற்றுகள் ஒரு பக்கமாகச் சரியும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குமுன் ஒருமுறை, துலாமழை (வடகிழக்குப் பருவமழை) முடிந்தபின் ஒருமுறை ஜெல்லை மாற்றுங்கள்.

கேமராவின் உள்ளே கேசட்டை விட்டு வைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, கேமராவையும் அதே டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, சோதனைக் கேசட்டைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கிரீஸ் இறுகாமல் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் தம் கேசட் பையோடு வரும்போது கேமரா தயாராகவும் இருக்கும்.